தலைக்காயத்துக்குப் பின் வீடு திரும்பியவர்: குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவை

இருசக்கர வாகன விபத்திலோ, மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்ததாலோ தலையில் பலத்த காயமடைந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கணக்கில் இருந்துவிட்டு, இப்போது வீடு திரும்பியிருக்கும் ஒருவரைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. மருத்துவமனையில் நடைபெற்ற சிகிச்சையைப் பற்றி இங்கு அதிகம் கூறப்படவில்லை. அங்கு மருத்துவரும் செவிலியரும் உடனிருந்தனர். இனி வரும் மாதங்களில் அவர்கள் செய்துவந்த பணியில் பெரும்பகுதி உங்கள் கைக்கு வந்து சேர்கிறது.

வீடு திரும்பிய முதல் வாரத்தில் பெரும்பாலான குடும்பங்கள் நிம்மதியாகவே இருக்கின்றன. உயிர் தப்பியதே போதும் என்ற எண்ணம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. குழப்பம் அதற்குப் பிறகே தொடங்குகிறது. நடக்கிறார், பேசுகிறார், உண்கிறார். ஆயினும் பழைய ஆளாக இல்லை. சிறு பேச்சுக்கும் சினம் கொள்கிறார். காலையில் கூறியதை மதியம் மறந்துவிடுகிறார். குளிக்கச் சொன்னால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் அமர்ந்திருக்கிறார். “எல்லாம் சரியாகிவிட்டது, இனி இவருக்குச் சோம்பல்தான்” என்று உறவினர் கூறத் தொடங்குவர். இவ்வாறு கூறப்பட்டு அழைத்து வரப்படுபவர்கள் பலரை வெளிநோயாளர் பிரிவில் பார்க்கிறேன். அவர்களுள் பெரும்பாலோரிடம் காணப்படுவது சோம்பலும் அன்று, பிடிவாதமும் அன்று; ஆறிக்கொண்டிருக்கும் மூளைக்காயத்தின் விளைவு. காலில் எலும்பு முறிந்தவரை ஓடச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை, ஏனெனில் மாவுக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. மூளைக்காயத்துக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை.

மூளையில் நிகழ்ந்தது என்ன?

மூளை மென்மையான உறுப்பு. மண்டை ஓடு கடினமானது. வேகமாகச் சென்றுகொண்டிருக்கும் தலை திடீரென நிற்கும்போது, உள்ளே மூளை முன்னும் பின்னும் அசைந்து ஓட்டின் உட்புறத்தில் மோதுகிறது. நெற்றிக்குப் பின்னும் காதோரங்களிலும் உள்ள மூளைப் பகுதிகள் அமர்ந்திருக்கும் எலும்புத் தளம் கரடுமுரடானது. ஆகவே தலையின் எப்பக்கத்தில் அடிபட்டிருந்தாலும் இப்பகுதிகள் எளிதில் கன்றிப் போகின்றன. நினைவாற்றல், பொறுமை, திட்டமிடுதல், ஒரு செயலைத் தானாகத் தொடங்குதல், வாயில் வந்ததைப் பேசிவிடாமல் அடக்குதல் ஆகிய திறன்கள் பெரிதும் இப்பகுதிகளையே சார்ந்தவை. கை கால் நன்றாக இயங்கும் ஒருவரிடம் குணம் மட்டும் மாறித் தோன்றுவதன் காரணம் இதுவே.

அத்துடன், மூளையின் ஒரு பகுதியை மற்றொன்றோடு இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் அந்த அதிர்ச்சியில் இழுபட்டுச் சேதமடைவதுண்டு. இச்சேதம் சிடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரிவதில்லை. “ஸ்கேனில் இரத்தக்கசிவு கரைந்துவிட்டது” என்று மருத்துவர் கூறினால், அறுவை சிகிச்சைக்கான தேவை இப்போது இல்லை என்பதே அதன் பொருள். மூளை பழையபடி வேலை செய்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

காயத்தின் கடுமையை அறிய மருத்துவமனையில் கிளாஸ்கோ அளவுகோல் பயன்படுத்தப்படுகிறது. கண் திறத்தல், பேச்சு, உடல் அசைவு ஆகிய மூன்றையும் சோதித்து 3 முதல் 15 வரை மதிப்பெண் தரப்படும். 8 அல்லது அதற்குக் குறைவு எனில் கடுமையான காயம். உங்களிடம் உள்ள விடுவிப்புச் சுருக்கத்தில் இந்த எண் எழுதப்பட்டிருக்கும். இதே அளவுக்குப் பயனுள்ள மற்றொரு குறிப்பு உங்களிடமே உள்ளது. விபத்துக்குப் பின், அன்றன்று நடப்பதைத் தொடர்ச்சியாக நினைவில் வைத்துக்கொள்ளும் நிலைக்கு அவர் திரும்ப எத்தனை நாட்கள் ஆயின என்பதே அது. கண் விழித்துப் பேசியிருந்தாலும், நேற்று வந்தவரை இன்று நினைவில்லை என்றால் அக்காலம் இன்னும் முடியவில்லை. ஒரு நாளுக்குள் முடிந்திருந்தால் நல்லது. வாரக்கணக்கில் நீடித்திருந்தால் மீட்சியும் நீண்ட காலம் பிடிக்கும். இதை ஒரு தாளில் எழுதிவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் கூறுங்கள்.

முன்னேற்றம் முதல் 6 மாதங்களில் வேகமாக இருக்கும். பின்னர் வேகம் குறைந்து 2 ஆண்டுகள் வரையிலும், சிலரிடம் அதற்குப் பிறகும் தொடரும். இது சீராக ஏறும் பாதை அன்று. இரண்டு வாரம் முன்னேறி ஒரு வாரம் தேங்கி நிற்பது இயல்பே. தேங்கி நிற்பதும் பின்னோக்கிச் செல்வதும் வேறு வேறு. பின்னோக்கிச் சென்றால் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

தலைவலி நாளுக்கு நாள் கூடுதல், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் எழாத அளவுக்கு உறக்கம், புதிதாக ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சு குழறுதல், ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்திருத்தல், வலிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு இருந்தாலும் அவ்வாறே. மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டினால் அதைச் சளி என எண்ணிவிட வேண்டாம். மூளையைச் சூழ்ந்துள்ள நீர் கசிவதாக இருக்கலாம். அவ்வழியே கிருமி உள்ளே செல்லும். பஞ்சு வைத்து அடைக்காமலும் மூக்கைச் சிந்த விடாமலும் அழைத்து வாருங்கள். நீண்ட நாள் படுத்திருப்பவரின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், இரத்தக்குழாயில் உறைகட்டி உண்டாகியிருக்கக்கூடும். அக்காலைத் தேய்த்துவிடக் கூடாது.

மண்டை ஓட்டுத் துண்டு எடுக்கப்பட்டிருந்தால்

மூளை வீக்கம் மிகுந்திருந்தவர்களுக்கு, அழுத்தத்தைக் குறைப்பதற்காக மண்டை ஓட்டின் ஒரு பகுதி தற்காலிகமாக அகற்றப்பட்டிருக்கும். அந்த எலும்பைப் பல மருத்துவமனைகளில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துவிடுவர். உடலுக்குள் இருப்பதால் அது கெடாமல் பாதுகாக்கப்படுகிறது. வயிற்றில் கடினமாக ஏதோ இருக்கிறதே என்று அஞ்சி வருபவர்கள் உண்டு. இக்காரணத்தை முன்பே அறிந்திருப்பது நல்லது.

எலும்பு இல்லாத இடத்தில் தோலுக்கு அடியில் உடனடியாக மூளை உறையே உள்ளது. வீக்கம் வடிந்த பின் அவ்விடம் குழிந்து காணப்படும். இருமும்போது சற்றுத் துடிக்கும். இவை எதிர்பார்க்கப்படுபவையே. அப்பக்கமாகப் படுக்க வைக்கக் கூடாது. எழுந்து நடக்கும் நேரமெல்லாம் மருத்துவர் கூறும் தலைக்கவசம் அணிவிக்க வேண்டும். சுவரில் மாட்டியுள்ள அலமாரியின் கதவு, தாழ்ந்த நிலைப்படி, குழந்தைகளின் பந்து ஆகியவற்றை நினைவில் கொள்ளுங்கள். குழிந்திருந்த இடம் மீண்டும் புடைத்து இறுகினால் அன்றே காட்டுங்கள். எலும்பைத் திரும்பப் பொருத்தும் அறுவை சிகிச்சை பொதுவாகச் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் செய்யப்படும். “ஆள் நன்றாகத்தானே இருக்கிறார், இன்னோர் அறுவை எதற்கு” என்று தவிர்த்துவிட வேண்டாம். பாதுகாப்புக்காக மட்டுமன்றி, எலும்பு பொருத்தப்பட்ட பின் சிலரிடம் விழிப்பும் பேச்சும் கூடத் தெளிவடைவதைக் காண்கிறோம்.

இன்னும் படுக்கையில் இருப்பவருக்கு

2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், இரவிலும். இடுப்பின் பின்புறம், குதிகால், காதுமடல் ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. வளைய வடிவிலான காற்றுத் தலையணை படுக்கைப் புண்ணைத் தடுப்பதில்லை. அதன் விளிம்பு இரத்த ஓட்டத்தைத் தடுத்துப் புண்ணைப் பெரிதாக்கும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவதால் தோள்மூட்டு நழுவுகிறது. முதுகுக்கும் இடுப்புக்கும் கை கொடுத்தே எழுப்ப வேண்டும். இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சிகளை நாள்தோறும் செய்யாவிட்டால் மூட்டுகள் இறுகிவிடும். இறுகிய பின் நீட்டுவது கடினம், வலியும் மிகுதி.

உணவூட்டுவதில் கவனம் தேவை. படுத்த நிலையில் ஒரு கரண்டி நீர் கூடத் தரக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்து, சிறிய கரண்டியால் ஊட்டுங்கள். விழுங்கும் தசைகள் தளர்ந்தவருக்கு நீரைவிடக் கெட்டியான கஞ்சி பாதுகாப்பானது. நீர் வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடுகிறது. ஊட்டும்போது இருமல், உண்ட பின் குரல் ஈரமாகக் கரகரத்தல், காரணம் தெரியாத காய்ச்சல் ஆகியவை உணவு நுரையீரலுக்குச் செல்வதன் அடையாளங்கள். மூக்குவழிக் குழாயின் மூலம் உணவு தருவோர், தலைப்பகுதியை உயர்த்தி வைத்துத் தந்து, அதன்பின் குறைந்தது அரைமணி நேரம் அதே நிலையில் வைத்திருக்க வேண்டும். “வாய்க்கு ருசியாக” என்று குழாய் இருக்கும்போதே பாசத்தோடு ஊட்டப்படும் ஒரு வாய்ச் சோறு நிமோனியாவில் முடிவதுண்டு.

வலிப்பு

காயத்துக்குப் பின் வாரங்களிலோ மாதங்களிலோ வலிப்பு வரலாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் மடித்த துணியை வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் தாமாகவே ஓரிரு நிமிடங்களில் நின்றுவிடுகின்றன. அந்நேரத்தில் கையில் சாவி இருந்ததால், அதுதான் நிறுத்தியது என்ற நம்பிக்கை தலைமுறைகளாக நிலைத்துவிட்டது. பற்களுக்கிடையே கரண்டியோ விரலோ வைக்க வேண்டாம். 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பும் முன் மீண்டும் வந்தாலும் 108 அழையுங்கள். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவது மிகவும் ஆபத்தானது. மாத்திரை தீரும் நாளுக்கு முன்பே மறுபடி வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மது ஒரு துளியும் கூடாது.

குணமாற்றத்தோடு வாழ்தல்

வலிப்புக்கும் புண்ணுக்கும் மருந்துண்டு. குடும்பங்களைப் பெரிதும் களைப்படையச் செய்வது குணமாற்றமே.

நினைவாற்றலிலிருந்து தொடங்குவோம். பழைய நினைவுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பள்ளி நண்பர்களின் பெயர், பத்தாண்டுக்கு முன் நடந்த திருமணம் எல்லாம் கூறுவார். இன்று காலை உணவு உண்டாரா என்பது நினைவிராது. “இதெல்லாம் நினைவிருக்கிறது, மாத்திரை சாப்பிட மட்டும் மறக்கிறதா?” என்ற ஐயம் உங்களுக்கு எழும். ஆம், அப்படித்தான், புதியவற்றைப் பதிவு செய்யும் பகுதியே காயப்பட்டுள்ளது. சிலர் நடக்காததை நடந்ததாகக் கூறுவர். மருத்துவமனையில் இருந்துகொண்டே நேற்று வேலைக்குச் சென்று வந்ததாக விவரிப்பர். அது பொய் அன்று. நினைவில் உள்ள இடைவெளியை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. மறுத்து வாதிடுவதால் பயனில்லை, ஆமோதிக்கவும் தேவையில்லை. அன்றைய நாள், கிழமை, இருக்குமிடம் ஆகியவற்றை இயல்பாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குச் செல்லுங்கள்.

சுவரில் பெரிய நாட்காட்டி ஒன்றும் எழுதுபலகை ஒன்றும் மாட்டுங்கள். இன்றைய தேதி, யார் எப்போது வருவர், என்ன உணவு என்பதைக் காலையில் எழுதிவிடுங்கள். மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு எனப் பிரித்த பெட்டியில் இடுங்கள். பொருட்களை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே வரிசையில் நகர்வது சலிப்பாகத் தோன்றலாம். அவருக்கு அவ்வரிசையே ஊன்றுகோல்.

தானாக எதையும் தொடங்காமல் அமர்ந்திருப்பவரிடம் ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் கூறுங்கள். “எழுந்து குளித்து, உடை மாற்றிக்கொண்டு சாப்பிட வா” என்பது நமக்கு ஒரு வாக்கியம். அவருக்கு அது 4 வேலைகள். எதில் தொடங்குவது என்று அறியாமல் அப்படியே அமர்ந்துவிடுவார். “எழுந்திரு” என்று சொல்லி, எழுந்த பின் “வாளியில் நீர் நிரப்பு” என்று கூறுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். காயப்பட்ட மூளை கேட்டதைப் புரிந்துகொள்ளவே கூடுதல் நேரம் எடுக்கும். நீங்கள் இரண்டாம் முறை உரத்துச் சொல்வதற்குள் அவர் முதல் முறை சொன்னதைப் புரிந்துகொள்ளும் தறுவாயில் இருந்திருப்பார்.

களைப்பு பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அரைமணி நேரம் பேசியதே அவருக்கு ஒரு நாள் வேலைக்குச் சமம். முக்கியமான எதையும் காலையில் செய்யவைத்து, மதியம் இருட்டான அமைதியான அறையில் ஓய்வு கொடுங்கள்.

சினம் வரும் நேரத்தைக் குறித்துவைத்துப் பார்த்தால் அதற்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரியவரும். மாலை நேரம், தொலைக்காட்சியும் மிக்சியும் ஒன்றாக ஓடும் நேரம், பசி, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத வலி, சிறுநீர்த் தொற்று ஆகியவை அடிக்கடி காணப்படும் தூண்டுதல்கள். காரணத்தை நீக்கினால் சினத்தில் பாதி குறையும். வெடித்துவிட்ட பின் நியாயம் பேச வேண்டாம். குரலைத் தாழ்த்தி, அவருக்கு எட்டாத தொலைவில் நின்று, முடிந்தால் அறையை விட்டு வெளியே வாருங்கள். சிறிது நேரம் கழித்து அவரே மறந்துவிடக்கூடும். நீங்கள் மறக்க முடியாமல் இருப்பீர்கள், அதுவும் உண்மைதான். அடிக்கும் அளவுக்குச் சென்றால் அரிவாள், அரிவாள்மனை, கத்தி ஆகியவற்றை அப்புறப்படுத்தி, குழந்தைகளை வேறிடத்தில் வைத்து, மருத்துவரிடம் கூறுங்கள். இதற்குப் பயன்தரும் மருந்துகள் உள்ளன. கட்டிலில் கட்டிவைப்பதும், மருந்துக் கடையில் கேட்டு உறக்க மாத்திரை வாங்கித் தருவதும் மீட்சியைக் கெடுக்கும்.

கூச்சமின்றிப் பேசுதல், தகாத முறையில் தொடுதல், கைப்பேசி வழியாக யாருக்கோ பணம் அனுப்பிவிடுதல், கேட்டவருக்கெல்லாம் கையெழுத்திடுதல் ஆகியவையும் நேரலாம். மனைவியர் பலர் இவற்றைக் கூற வெட்கப்பட்டு, தலைவலி என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புகின்றனர். தயங்காமல் கூறுங்கள், எங்களுக்கு இது காயத்தின் ஓர் அறிகுறி மட்டுமே. வங்கி அட்டையும் கடவு எண்ணும் சில காலம் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும்.

தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அவர் உறுதியாகக் கூறுவதும் காயத்தின் பகுதியே. வண்டிச் சாவியைக் கேட்டுச் சண்டையிடுவார். வாகனம் ஓட்டவும், உயரத்தில் ஏறவும், கிணற்றிலோ குளத்திலோ தனியே இறங்கவும் மருத்துவர் ஒப்புதல் தரும் வரை கூடாது. “மருத்துவர் கூடாது என்று எழுதியிருக்கிறார்” என்று பழியை எங்கள்மீது போட்டுவிடுங்கள். அதற்காகவே அதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டுப் பெறுங்கள்.

சிறிய குறையாகத் தோன்றினும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நுகர் நரம்பு அறுபட்டு மணம் அறியும் திறன் பலரிடம் மறைந்துவிடுகிறது. உணவு சுவையில்லை என்று தட்டைத் தள்ளுவது சமைத்தவரின் குறையன்று. எரிவாயு கசிந்தாலும் சோறு ஊசிப்போயிருந்தாலும் அவருக்குத் தெரியாது. அடுப்படியில் தனியே விட வேண்டாம்.

பார்க்க வருபவர்கள்

நம் ஊர்களில் உடல்நலம் குன்றியவரைப் பார்க்க வருவது கடமையாகக் கருதப்படுகிறது. வருபவர் ஒவ்வொருவரும் அருகில் குனிந்து “என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்” என்று கேட்கின்றனர். ஒரு நாளில் பத்து பேரிடம் தேர்வெழுதுவதற்கு ஒப்பானது அது. பெயர் நினைவுக்கு வராதபோது அவர் படும் அவமானத்தை முகத்தில் காணலாம். வருபவரிடம் முன்கூட்டியே கூறுங்கள்: இருவர் இருவராக வரவும், கால்மணி நேரத்தில் விடைபெறவும், வந்தவுடன் “நான் உன் மாமா, மதுரையிலிருந்து வந்திருக்கிறேன்” என்று தாமே சொல்லிவிடவும் வேண்டும். அவர் முன்னிலையிலேயே விபத்தைப் பற்றியும் செலவைப் பற்றியும் பேச வேண்டாம். பதில் கூற இயலாதவருக்கும் பேச்சு புரிவதுண்டு.

வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். “அப்பாவின் தலையில் பட்ட அடி உள்ளே ஆறிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் கோபம் வருகிறது, உன்மேல் தவறில்லை” என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் விளங்கும். சொல்லாவிட்டால் குழந்தை தன்னையே காரணமாக எண்ணிக்கொள்ளும்.

பராமரிப்பவர்

பெரும்பாலும் தாய் அல்லது மனைவி, ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கிறார். இரவில் புரட்டிப் படுக்க வைப்பதால் உறக்கமில்லை, தூக்குவதால் இடுப்புவலி, வேலைக்குச் செல்ல இயலாததால் கூலி இல்லை. நோயாளிக்கு வேளை தவறாமல் மாத்திரை தரும் பெண், தம் சர்க்கரை மாத்திரையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டிருப்பதை அடிக்கடி காண்கிறேன். மறுபரிசோதனைக்கு வரும்போது உங்கள் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

“ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்” என்று கூறும் உறவினருக்குக் குறிப்பான வேலையைக் கொடுங்கள். செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது ஒருவருக்கு, மாலையில் 2 மணி நேரம் உடனிருப்பது மற்றொருவருக்கு, காப்பீட்டுத் தாள்களை அலைந்து முடிப்பது இன்னொருவருக்கு எனப் பிரியுங்கள். பொதுவாகக் கேட்டால் யாரும் வருவதில்லை. வேலையைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் வருகின்றனர்.

இன்னொன்றும் கூற வேண்டும். கணவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் தாம் அறிந்திருந்த மனிதர் இல்லை என்ற துயரம் மனைவியருக்கு உண்டு. அதற்குச் சடங்கும் இல்லை, துக்கம் விசாரிக்க வருவோரும் இல்லை. அழுதால் “உயிரோடு கிடைத்தாரே, அதற்கு நன்றி சொல்” என்பர். நன்றியும் துயரமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம்; இரண்டும் நியாயமானவையே. உறக்கமின்மை, காரணமின்றி அழுகை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். காயமடைந்தவருக்கும் இது பொருந்தும். தம் குறைகளை அவர் உணரத் தொடங்கும் மாதங்களில் மனச்சோர்வு தலைதூக்குகிறது; அவ்வுணர்வு முன்னேற்றத்தின் அடையாளமாயினும், அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். சாவைப் பற்றி அவர் பேசினால் அதை விளையாட்டாகக் கொள்ளாமல் அன்றே அழைத்து வாருங்கள்.

நன்றாக இருந்தவர் மீண்டும் தளர்ந்தால்

முன்னேறிவந்தவர் சில வாரங்களிலோ மாதங்களிலோ நடையில் தடுமாறி, மந்தமாகி, அறியாமல் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், “இவ்வளவுதான் போலும்” என்று விட்டுவிடக் கூடாது. மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம், முதியவர்களிடம் மெதுவாக இரத்தம் சேர்ந்திருக்கலாம். இரண்டுமே அறுவை சிகிச்சையால் சரிசெய்யக் கூடியவை. தலைக்குள் உள்ள நாளமில்லாச் சுரப்பி பாதிக்கப்பட்டு நீங்காத களைப்பு ஏற்படுவதும் உண்டு. இரத்தப் பரிசோதனையில் அது தெரியவரும்.

உதவிகளும் ஆவணங்களும்

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவுச் சிகிச்சையும் வீட்டிலேயே வழங்கப்படுகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பெயரைப் பதிவு செய்யுங்கள். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்திலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மறுவாழ்வு சிகிச்சை பெறலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. எலும்பைத் திரும்பப் பொருத்தும் அறுவைக்கு முன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள். பொதுவான ஐயங்களுக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

விடுவிப்புச் சுருக்கம், சிடி ஸ்கேன் படங்கள், விபத்துப் பதிவேட்டின் நகல், முதல் தகவல் அறிக்கையின் நகல், மருந்துச் சீட்டுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம். வழக்கறிஞருக்குச் செலவிட இயலாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். மோதிய வாகனம் எதுவெனத் தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் திட்டப்படி, கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய் கிடைக்கும்.

மறதியும் சினமும் வேலை செய்ய இயலாமையும் மருத்துவப் பதிவில் இடம்பெற்றிருக்க வேண்டும் என்பதைக் குடும்பங்கள் பெரும்பாலும் அறிவதில்லை. எலும்பு முறிவு மட்டும் எழுதப்பட்டிருந்தால், எலும்பு கூடிய பின் குறையே இல்லை என்று ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் வீட்டில் நீங்கள் காண்பதை விரிவாகக் கூறி எழுதச் சொல்லுங்கள். காயம் ஓரளவு நிலைபெற்ற பின், கை கால் செயலிழப்பு, பேச்சுக் குறைபாடு, மனநலப் பாதிப்பு போன்ற நிலையான குறைபாடுகள் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் பல சலுகைகளைப் பெறலாம். மதிப்பீட்டுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு முகாமுக்குச் செல்லும் நாளில், அவருடன் அன்றாடம் இருப்பவரே உடன் செல்ல வேண்டும். மருத்துவர் கேட்கும்போது அவர் தமக்கு எந்தக் குறையும் இல்லை என்றே கூறுவார்.